நிமிடத்துக்கு ஒரு கேள்வி

"ஐயோ... டிரம்முக்குள்ள ஆளு!"

சோப்புத்தூள் ஆலையில் காலை பத்து இருபதுக்குக் கிளம்பிய அந்த அலறல், பத்தரைக்கெல்லாம் போலீஸ் ஜீப்பாக வாசலில் வந்து நின்றது.

கலவை டிரம்முக்குள் கிடந்தவன் நெட்டையன். மூட்டை தூக்குகிறவன்.

உயிர் இல்லை!

பதினோரு மணிக்கு, மேனேஜர் அறையில் கையில் விலங்கோடு நின்றவன்... டிரம்மில் தூள் கொட்டுகிறவன், ஆலை ஒயர்மேனின் மச்சினன்!

"மாமா... நான் செய்யலை மாமா! அக்காகிட்ட சொல்லுங்க..."

"சும்மா இருடா. அழுதா விலங்கு கழண்டுடுமா?" அதட்டினார் ஒயர்மேன்.

மேனேஜர் கணினித் திரையைத் தட்டினார்.

"இன்ஸ்பெக்டர், மெஷினையெல்லாம் கவனிச்சுப் பதியற கன்ட்ரோலர் இது, பொய் சொல்லாது. பத்து பத்துக்கு டிரம் மூடி திறந்திருக்கு. தூள் கொட்டினது இவன். அதுக்கப்புறம் பத்து இருபது வரைக்கும் மூடி திறக்கவே இல்லை! அப்ப தள்ளினது யாரு? காலையில ரெண்டு பேருக்கும் கைகலப்பு வேற!"

"கேஸ் முடிஞ்சுது. கிளம்புய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"முடியலை சார்!" ஒயர்மேன் குறுக்கே வந்து நின்றார். "கன்ட்ரோலர் பொய் சொல்லாதுதான். ஆனா கேட்டாத்தானே அதுக்குத் தெரியும்? ஒவ்வொரு சென்சாரையும் நேரம் வெச்சு, 'திறந்திருக்கியா, மூடியிருக்கியா'ன்னு கேட்கும். மூடிகிட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்குது. நடுவுல திறந்து, ஆளைத் தள்ளி, மூடிட்டா... பட்டியல்ல வரவே வராது!"

"எந்தப் புண்ணியவான் அப்படி வெச்சான்?"

"நான்தான் சார்."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். விலங்கு நெற்றியில் இடித்தது.

"அடடே... மாமனும் மச்சானும் ஒரே ஜீப்புல வரலாமே!"

"வைக்கச் சொன்னது இவர் சார்!" ஒயர்மேனின் விரல் மேனேஜர் பக்கம் நீண்டது. "முன்னாடி நொடிக்கு நொடி கேட்டுச்சு. யார் எவ்வளவு நேரம் உட்கார்றாங்கன்னு பார்க்க, கழிவறைக் கதவு ஏழையும் அதே லைன்ல சேர்க்கச் சொன்னார். அதை நொடிக்கு நொடி கேட்கணுமாம்! லைன் திணறுச்சு. அப்ப மூடிகிட்ட கேட்கறதைக் குறைன்னுட்டார்."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். "உயிர் போற இடத்துல நிமிஷத்துக்கு ஒண்ணு... ஒண்ணுக்குப் போற இடத்துல நொடிக்கு ஒண்ணா?"

"கார்டு தேய்ச்சாத்தான் சார் கழிவறை திறக்கும். அந்தப் பட்டியலைப் பாருங்க."

திரையில் வரிகள் ஓடின.

மச்சினன்... இரண்டாம் கதவு. பத்து பதினொன்று முதல் பத்து இருபது வரை உள்ளே.

அதற்குக் கீழே... நெட்டையனின் கார்டு!

பத்து பதிமூன்றுக்கு உள்ளே. பத்து பதினைந்துக்கு வெளியே.

"பத்து பத்துக்குச் செத்தவன், பத்து பதிமூணுக்கு எதுக்கு சார் கழிவறைக்குப் போனான்?"

இன்ஸ்பெக்டர் ஒயர்மேன் பக்கம் மெல்லத் திரும்பினார். "சரி, நிமிஷ ரகசியம் தெரிஞ்சவன் நீ. நீ எங்கே இருந்தே?"

"மூணாவது கதவு சார். பத்து பன்னெண்டுல இருந்து அலறல் சத்தம் கேட்கிற வரைக்கும். வயிறு சரியில்லை. பாருங்க, இருக்கும்."

இருந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

எல்லாக் கண்களும் மேனேஜர் மேல்!

"நானா? நான் இந்த ரூமை விட்டு அசையவே இல்லை! கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தேன்!"

ஒயர்மேன் மேனேஜர் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"சார்... கழிவறைக் கதவுகளைச் சேர்த்த ஒயர் பெட்டியில எட்டு இணைப்புக்கு இடம் இருக்கு. கழிவறை ஏழு. ஒரு கதவையும் விட்டுடாதேன்னு சொன்னீங்க. அதனால எட்டாவதா..."

அவருடைய கட்டைவிரல் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைக் காட்டியது.

திரையில் எட்டாவது கதவு... மேனேஜர் அறை. பத்து பதினாறுக்குத் திறந்து மூடியிருந்தது. பத்து பதினெட்டுக்கு மறுபடியும்!

மேனேஜரின் முகம் வெளுத்தது.

"அந்த நெட்டையன்... நாளைக்கு லேபர் ஆபீஸர்கிட்ட சாட்சி சொல்றதா இருந்தான்! மூடி திறந்தா டிரம் சுத்தறதை நிறுத்தற பாதுகாப்பு சுவிட்சை நான் கழட்ட வெச்சேன்னு... ஆலையையே இழுத்து மூடியிருப்பாங்க!"

"கன்ட்ரோலரை விட இவர் தேவலை. கேட்காமலே சொல்றார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு கை மாறியது.

மேனேஜரை இழுத்துக்கொண்டு போனார்கள். மச்சினன் மட்டும் நின்ற இடத்திலேயே நெளிந்துகொண்டிருந்தான்.

"உன்னை விட்டாச்சுய்யா... இன்னும் ஏன் நிக்கறே?"

"பயத்துல அவசரமா வருது சார்... எத்தனை நிமிஷம் போகலாம்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"எண்ணுறவர் ஜீப்புல ஏறிட்டார். நிதானமா போயிட்டு வா!"