பிணத்துக்கு ஒன்ஸ் மோர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. கடல் கடந்த ஜார்ஜ் டவுனில், அந்தப் பலகை நாடகக் கொட்டகையின் பின்வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. உடுப்புப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புஷ்பவல்லி இறங்கினாள். போன வருஷம் இதே வாசல் வழியாகத்தான் அவள் புருஷன் ராமதாஸைப் பிணமாகத் தூக்கிப் போனார்கள்.

பேசும்படம் வந்து நாடகக்காரர்களின் வயிற்றில் அடித்த காலம் அது. அந்தக் கம்பெனியைக் காப்பாற்றி வந்தது ஒரே ஒரு சிரிப்பு நாடகம். கதை இதுதான்: மேடைக்குப் பின்னால் ராஜபார்ட் நடிகருக்கு யாரோ சர்பத்தில் விஷம் வைத்துவிடுவார்கள். அவர் மேடைக்கு வந்து பாடிக்கொண்டே சாவார். பபூன் இன்ஸ்பெக்டராக வந்து, காலி லோட்டாவையே மிச்ச சர்பத் என்று எல்லாரிடமும் நீட்டுவான். குடிக்க மறுக்கிற ஆள்தான் கொலைகாரன்! கடைசியில் அத்தனை பேரும் குடிப்பதுபோல் காட்டி ஏப்பம் விட, கொட்டகைக்கே சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்.

அன்றைக்கு ராமதாஸ் பாடிச் சாய்ந்ததும் சனங்கள் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்கள். சபை கேட்டுவிட்டால் செத்த பிணமும் எழுந்து, இன்னொரு தடவை பாடி, மறுபடி சாக வேண்டும். அதுதான் மேடை வழக்கம். ராமதாஸ் எழவில்லை. மப்பு பிடித்த ஆள் என்று சபை ஏசியது. பபூன் பக்கிரிசாமி காலால் நெருடி, "எந்திரிய்யா, கேக்குறாங்கல்ல" என்றார்.

எழவில்லை.

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். புஷ்பவல்லி நம்பவில்லை; சர்பத்தில் நிஜமாகவே விஷம் கலந்திருந்தது என்று நினைத்தாள். சிங்கப்பூர்க் கம்பெனிக்குப் போகப் போவதாக ராமதாஸ் சொன்ன அன்று, முதலாளியும் பபூனுமான பக்கிரிசாமி, "நீ போனா உன் பொணம்தான் போகும்" என்று கத்தியது அவள் காதிலேயே இருந்தது. அந்த ஆளை விட்டு விலகினால் உண்மை தெரியாமல் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே இருந்தாள். புருஷனின் ராஜபார்ட் வேஷத்தையும் அவளே கட்டினாள். இன்றோடு கம்பெனி கலைகிறது. நாளைக்கு ஆளுக்கொரு கப்பல். இன்று தெரியாவிட்டால் இனி என்றைக்கும் இல்லை.

ஒப்பனை அறையில் ஈரப் பலகையும் அரிதாரமும் சேர்ந்து நாறின. ஸ்திரீபார்ட் வடிவம்மாள் புஷ்பவல்லியின் தலைப்பாகையைச் சரிசெய்துவிட்டாள். இந்த ஒரு வருஷமும் அவள் கண்ணீரைத் துடைத்த கை அது.

"சர்பத் நான் கலக்கித் தரவாடி, தங்கச்சி?"

"வேணாம்க்கா. நானே கலக்கிட்டேன்."

யார் கையிலும் குடிக்க அவள் தயாராக இல்லை. அப்போது ஆர்மோனியக்காரர் காஜா மொய்தீன் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, உன் சுருதிக்குக் குமிழை இழுத்து வைக்கிறேன். திரும்பிப் பார்த்தா ராமதாஸோட சுருதியில போய் நிக்குது. யாருலா மாத்துறா?"

"உங்களுக்கு வயசாயிருச்சு அண்ணே" என்று வடிவம்மாள் சிரித்தாள். புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கிரிசாமிதான் பூச்சாண்டி காட்டுகிறார் என்று நினைத்தாள்.

நாடகம் தொடங்கியது. எதிர்க்கரை பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்த கூட்டம் பின்பெஞ்சுவரை நிறைந்திருந்தது. புஷ்பவல்லி பித்தளை லோட்டாவிலிருந்த சர்பத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, லோட்டாவைக் கவிழ்த்துக் காட்டி, ஓரமாக வைத்தாள். பாடினாள். சாய்ந்தாள்.

"ஒன்ஸ் மோர்!"

எழுந்திருக்கப் போனாள். முடியவில்லை.

நெஞ்சின் மேல் ஒரு கை. கனமான, குளிர்ந்த கை.

ஆர்மோனியம் இறங்கி வேறு சுருதியில் நின்றது. ஆண்குரலில் பாட்டு எழுந்தது. அவள் தலைமாட்டிலிருந்து.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? கூடப் படுத்து எழுந்த மனுஷனின் குரல்.

அது காஜா மொய்தீனின் பின்பாட்டு என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். காஜா மொய்தீனின் வாய் மூடியிருந்தது. துருத்தியை அழுத்திக்கொண்டே அவர் அழுதுகொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியோடு பக்கிரிசாமி துள்ளி வந்து லோட்டாவை எடுத்தார். சர்பத் தளும்பி அவர் கையில் வழிந்தது.

காலி லோட்டா. விளிம்புவரை நிறைந்திருந்தது.

புஷ்பவல்லி பாதிக் கண்ணால் பார்த்தாள். முதல் வாய் இன்ஸ்பெக்டர் குடிக்க வேண்டும். குடிய்யா. நீ கலக்காதவன் என்றால் குடி.

பக்கிரிசாமி லோட்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஆனாலும் ஒரு மடக்குக் குடித்தார். "தித்திப்பா இருக்குலா!" என்றார். சபை சிரித்தது. ஒரு வருஷமாக அவள் வளர்த்த சந்தேகம் பொத்தென்று விழுந்தது. வழக்கம்போல் காஜா மொய்தீனிடமும் லோட்டா போனது. அவரும் குடித்தார்.

அடுத்து வடிவம்மாள்.

அவள் லோட்டாவை வாயருகே கொண்டுபோனாள். நின்றாள். மூக்கு சுருங்கியது.

"அரளி வாடை..."

"குடிம்மா" என்றார் பக்கிரிசாமி, மெதுவாக.

"மாட்டேன்! அன்னிக்கு நான் அரைச்ச அதே அரளி!" லோட்டாவை வீசி எறிந்தாள். வெறும் காற்றைப் பார்த்துப் பேசினாள். "எத்தனை வருஷம் உங்க ஜோடியா நின்னேன்! என்னை விட்டுட்டு அவளோட சிங்கப்பூர் போறேன்னீங்களே... மனசு கேக்கலையே!"

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புது வசனம் அல்லவா!

புஷ்பவல்லியின் நெஞ்சிலிருந்து கை எடுபட்டது. எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கான்னு கூப்பிட்டேனேடி. உன் மடியில படுத்து அழுதேனே" என்றாள்.

வடிவம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டாள். திரையை இறக்கச் சொல்லிப் பக்கிரிசாமி கை காட்டினார். அதற்குள் பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரே குரலாகக் கேட்டார்கள்.

"ஒன்ஸ் மோர்!"

காஜா மொய்தீன் பதறிக் கையை எடுத்தார். ஆர்மோனியம் நிற்கவில்லை. ராமதாஸின் சுருதியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டது.

மேடையின் ஓரத்தில் கிடந்த லோட்டா உருண்டு வந்தது. வடிவம்மாளின் முழங்காலருகே தானாக நிமிர்ந்து நின்றது.

நிறைந்திருந்தது.