வருகிற படகின் விளக்கு

புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அன்புச்செல்வியின் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, சிங்கப்பூரில் நிஜமாகவே வேலையில் இருக்கிறாரா என்று விசாரித்துச் சொன்னால் போதும், கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உதவியாளன் எழிலரசனுக்கு இந்தப் பிழைப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. முப்பத்தாறு வயதாகியும் லாட்ஜ் அறையில் ஒண்டியாகக் கிடப்பவன் ஊரார் கல்யாணத்துக்குத் துப்புத் துலக்குவது என்ன கொடுமை!

அதனால், விமான நிலையச் சீட்டு கிழிக்காத பெட்டியை உருட்டிக்கொண்டு ஜாஸ்பின் உள்ளே நுழைந்ததுமே அவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஆவூர்தாங்க எங்க ஊரு. அயர்லாந்துல நர்ஸா இருக்கேன். திருச்சியில எறங்கி நேரா இங்கிட்டுதான் வாரேன். வீட்டுக்குப் போகப் பயமா இருக்குங்க" என்றாள் அவள்.

அவளுடைய அப்பா பங்கிராஸ், கடற்படையின் விமானப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல், விமானம், நம் பக்கத்து நிலக்காட்சி, இவை மூன்றையும் வரைவதில் பேர் வாங்கியவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். அவருடைய சமீபத்திய ஓவியங்களைச் சென்னையில் கண்காட்சியாக வைக்க ஏற்பாடாகியிருந்தது. இப்போது கண்காட்சிக்காரர்கள், இது பங்கிராஸின் கையே இல்லை, போலி என்கிறார்கள். நாளைக்குள் பதில் வராவிட்டால் பத்திரிகைக்குச் சொல்லிவிடுவார்களாம்.

"பேரு போனாலும் போகட்டுங்க. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும். கப்பல் வேலையை விட்டுட்டு வந்த பெரியப்பா மகன் ஃபிரெடி அண்ணன்தான் படத்தையெல்லாம் பேக் பண்ணி அனுப்புது. வீட்டுச் சாவியும் அதுகிட்டத்தான். அப்பாவை மெரட்டி என்னமோ பண்ணுதோன்னு இருக்கு."

"நீங்க போன் பண்ணுனா பேசுறாரா?" என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"நல்லாப் பேசுறாங்க. ஆனா வீடியோ கால்னா நெட் இல்லேன்னு வச்சிடுறாங்க. முன்னெல்லாம் வாட்ஸ்அப்புல பக்கம் பக்கமா டைப் பண்ணுவாங்க. ஈஸ்டருக்கு ஊர்ல பாஸ்கா நாடகம் முடிஞ்சதுலேருந்து வாய்ஸ் மெசேஜ்தான்."

ஜாஸ்பின் தன் போனில் புதுப் படங்களைக் காட்டினாள். ஜெகதாப்பட்டினத்துக் கடலில் விடியற்காலை. கரையைப் பார்த்து ஒரு விசைப்படகு நேராக வருகிறது. நாம் பார்க்கையில் கூரையின் இடது ஓரத்தில் சிவப்பு விளக்கு, வலது ஓரத்தில் பச்சை. அடுத்தது தரையிறங்க வரும் விமானம். சிறகு நுனிகளில் அதே மாதிரி இடது சிவப்பு, வலது பச்சை. மூன்றாவது, மழையில் நனையும் குன்றாண்டார்கோவில் பாறை.

"பழைய படம் ஏதாவது இருக்கா?"

போனின் முகப்பிலேயே ஒன்று இருந்தது. அதில் படகு முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நான் வெளிநாடு போனதுலேருந்து அப்பா இப்படித்தாங்க. படகோ பிளைட்டோ, போறதைத்தான் வரைவாங்க" என்றாள் ஜாஸ்பின்.

எழிலரசன் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். "அக்கா, பழசுலயும் இடது சிவப்பு, வலது பச்சை. புதுசுலயும் அதேதான். அப்ப அவரே வரைஞ்சதுதான்க்கா!"

"அதுதான் தம்பி எனக்கு இடிக்குது" என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வி கார்ச் சாவியை எடுத்தாள்.

ஆவூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்புச்செல்வி போனில் வரச் சொல்லியிருந்தபடி ஃபிரெடி வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு ஞானமணி டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளிருந்து வந்தார். ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர், தினமும் அப்பாவைப் பார்க்க வருகிறவர் என்று ஜாஸ்பின் வழியிலேயே சொல்லியிருந்தாள். ஜாஸ்பினைப் பார்த்து அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அன்புச்செல்வி தன் உதட்டில் விரலை வைத்தாள். ஜாஸ்பின் கதவோரமாக நின்றுகொண்டாள்.

கூடத்தில் விளக்கு போடவில்லை. நாற்காலியில் இருந்த பங்கிராஸ், "யாரு வந்திருக்கிறது?" என்றார்.

"புதுக்கோட்டையிலேருந்து வாரோங்க. கண்காட்சி விஷயமா."

எழிலரசன் சுவிட்சைத் தட்டினான். சுவர் முழுக்கப் படகுகளும் விமானங்களும். எல்லாமே முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை முதுகுகளுக்கு நடுவே ஒரு மனிதர் எப்படித்தான் சோறு தின்றாரோ என்று நினைத்தபோது அவனுக்குத் தன் லாட்ஜ் அறை ஞாபகம் வந்தது. கண்காட்சிக்காரர்கள் திருப்பி அனுப்பிய படகுப் படம் ஒரு மூலையில் சாய்ந்திருந்தது.

"என்னையச் சந்தேகப்படுறீங்களா? டீச்சர் துணி சுத்திக் குடுப்பாங்க, நான் பெட்டியில போட்டு அனுப்புவேன். படத்தைப் பிரிச்சுப் பாத்ததே இல்லைங்க" என்று ஃபிரெடி எகிறினார்.

"கப்பல்ல வேலை பாத்தவருதானே நீங்க?" அன்புச்செல்வி நிதானமாகக் கேட்டாள்.

"எட்டு வருசம்."

"அப்ப நீங்க வரையலை. படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சைன்னு உங்களுக்குத் தெரியும். போற படகுல அந்தச் சிவப்பு நமக்கும் இடது பக்கந்தான். அதே படகு நம்மளைப் பாத்துத் திரும்பி வந்தா, சிவப்பு நம்ம வலது பக்கத்துக்கு வந்துடணும். புதுப் படத்துல வரலை. அப்படின்னா அதை வரைஞ்சவங்க, போற படகை மட்டும் பாத்து விளக்குப் போட்டவங்க. அதுக்கு இந்தச் சுவரை விட்டா வேற எடம் ஏது? தினமும் இங்க வர்றவங்க, தூரிகை பிடிக்கத் தெரிஞ்சவங்க, ஒருத்தர்தான்."

ஞானமணி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா தம்பி," என்று எழிலரசன் பக்கம் திரும்பினாள், "இவ்வளவு பெரிய தப்பைக் கடற்படைக்காரர் எப்படி விட்டாரு? பாத்திருந்தா விட்டிருக்க மாட்டாரு. டைப் பண்றதையும் நிறுத்திட்டாரு, வீடியோவுலயும் வர்றதில்லை, இருட்டிப்போயும் லைட்டு போடலை."

பங்கிராஸ் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாஸ்கா சமயத்துல பார்வை முழுசாப் போச்சும்மா. கண்ணுல பிரஷர்னாங்க. எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வேலையை விட்டுட்டு ஓடியாந்துருவா. சம்பாத்தியம் நிக்கும், அங்க படிக்கிற மேல்படிப்பு நிக்கும், வாழ்க்கை நிக்கும்."

"நான் சும்மா பேச்சுத் துணைக்குத்தாங்க வந்தேன்" என்றார் டீச்சர். "எனக்கும் வீட்டுல ஆளில்லை. இவரு சொல்லச் சொல்ல வரைஞ்சேன். பாறையெல்லாம் சரியா வந்துச்சு. ஒரு தடவையாச்சும் படகு கரைக்கு வரட்டும் டீச்சர்னாரு. வெளக்கைப் பத்தி அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. சுவத்தைப் பாத்துப் போட்டுட்டேன்."

"கிறிஸ்துமஸுக்கு வாரேன்னிருக்கா" என்றார் பங்கிராஸ். "அவ வர்றதை நான் பாக்கப்போறதில்லை. படத்துலயாச்சும் வரட்டுமேன்னுதான்."

கதவோரத்தில் பெட்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

"யாரு அது?"

"அப்பா" என்றாள் ஜாஸ்பின். அவள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்ததும், அவர் அவளுடைய நெற்றியையும் மூக்கையும் கன்னத்தையும் மெல்லத் தடவிப் பார்த்தார்.

கொஞ்சம் ஆறியதும் பங்கிராஸ் சொன்னார்: "சென்னைக்கு உள்ளதைச் சொல்லிடுங்க. சொன்னது நான், வரைஞ்சது ஞானமணி. ரெண்டு பேரு பேரையும் போட்டு வச்சா வைக்கட்டும், இல்லேன்னா வேணாம்."

டீச்சர் அவசரமாகத் தூரிகையைத் தேடினார். "இருங்க, வெளக்கை இப்பவே மாத்திடுறேன்."

பங்கிராஸ் மகளின் தலையில் கையை வைத்தபடி, "எத்தனை நாள் லீவும்மா?" என்றார்.

"பத்து நாள்தாம்ப்பா. ஆனா..."



"அப்ப மாத்தாதீங்க டீச்சர்" என்றார் பங்கிராஸ். "போட்டது போட்டபடியே இருக்கட்டும். போற வெளக்கோடவே வரட்டும்."

டீச்சர் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஜாஸ்பினைப் பார்த்தார். ஜாஸ்பின் படகைப் பார்த்தாள். அன்புச்செல்வி எழிலரசனின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

காரடியில் நின்றபோது, திருச்சிக்குப் போகிற விமானம் ஒன்று எதிரே தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. எழிலரசன் அண்ணாந்து பார்த்தான். சிவப்பு அவனுக்கு வலது பக்கம் இருந்தது. யாரோ வருகிறார்கள். தலைக்கு மேலாகக் கடந்து போனதும் அவன் திரும்பி நின்று பார்த்தான். இப்போது சிவப்பு இடது பக்கம் இருந்தது.

"வண்டியில ஏறு தம்பி" என்றாள் அன்புச்செல்வி. அவன் அது மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் ஏறினான்.