பெரிய குழாயும் சிட்டுவின் உள்ளங்கையும்

அந்தச் சின்னத் தேவாலயத்தில் இருந்த பைப் ஆர்கனுக்கு வயது இருநூறு. சுவர் முழுக்க அறுநூறு குழாய்கள். பென்சில் அளவு குழாயும் உண்டு. தூண் போல நிமிர்ந்து கூரையைத் தொடும் குழாயும் உண்டு. காற்று புகுந்தால் ஒவ்வொன்றும் ஒரு குரலில் பாடும்.

பல வருடங்களாகப் பாடாமல் கிடந்த அதை, மெக்கானிக் மாமா ஆறு மாதம் பாடுபட்டுச் சரிசெய்திருந்தார். மறுநாள் காலை ஊரே கேட்க, சிட்டுவின் அம்மா வாசிக்கப்போகிறார்.

ஆனால் ஒரு வில்லங்கம். ஆகப் பெரிய குழாய் ஒலிக்கும்போதெல்லாம், கூடவே எங்கிருந்தோ 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"மூணு நாளா தேடுறேன்மா. இங்க நின்னா அங்க கேக்குது, அங்க போனா இங்க கேக்குது!" மாமா தலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா அந்தக் குழாயை அடைச்சிட வேண்டியதுதான்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அது இல்லாம வாசிச்சா, அஸ்திவாரமே இல்லாத வீடு மாதிரி இருக்குமே!"

முன்வரிசையில் அண்ணனோடு சிட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அவளுக்குக் காது கேட்காது, கைகளால்தான் பேசுவாள். அதுவும் சரியான வாயாடிக் கைகள்! செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தரையில் கால்களைப் பதித்திருந்தாள்.

அம்மா மறுபடி வாசித்துப் பார்த்தார்.

சிட்டு துள்ளி எழுந்தாள். தரை நடுங்கியது. அந்த நடுக்கம் உள்ளங்கால் வழியாக ஏறி, முழங்காலைக் கடந்து, நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

'யார் வர்றாங்க? யானையா?' அவள் கைகள் கேட்டன.

'யாரும் வரலை. அம்மா வாசிக்கிறாங்க,' என்றன அண்ணனின் கைகள்.

சிட்டு திறந்த வாய் மூடாமல் குழாய்களை அண்ணாந்து பார்த்தாள். வீட்டுப் பியானோவில் அம்மாவின் விரல்கள் ஓடுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். அந்த விரல்களுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று ஒளிந்திருந்ததா!

'மாமா ஏன் தலையைப் பிடிச்சிட்டு நிக்கிறார்?'

'உள்ள ஏதோ ஒண்ணு ஆடிச் சத்தம் போடுதாம். எதுன்னு தெரியலையாம்.'

ஆடுகிறதா? ஆடினால் கைக்குத் தெரியுமே!

சிட்டு கிளம்பிவிட்டாள். பெஞ்சைத் தொட்டாள். தூணைத் தொட்டாள். சுவரில் கன்னத்தை வைத்தாள். எல்லாமே தூங்கும் பூனையின் வயிறு போல மெத்தென்று அதிர்ந்தன.

ஆர்கனின் பக்கவாட்டுப் பலகையைத் தொட்டவள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அங்கே மட்டும் எறும்பு கடித்தது போலச் சுருக் சுருக்கென்றது.

அண்ணன் ஓடிவந்து அவள் சொன்னதைச் சத்தமாகச் சொன்னான். "மாமா, இந்த இடம் மட்டும் குத்துதாம்!"

"அந்தப் பக்கம் நாலு தடவை பார்த்தாச்சே..." என்று இழுத்தாலும், மாமா முட்டி போட்டு உட்கார்ந்து பலகையைக் கழற்றினார். டார்ச் அடித்தார்.

பலகைக்குப் பின்னால், இடுக்கில் ஒரு குட்டி ஸ்குரூடிரைவர் சாய்ந்து கிடந்தது.

"யாரோடது?" என்றார் அம்மா.

மாமாவின் காது சிவந்துபோனது. "என்னோடதுதான். போன மாசம் காணாமப் போச்சு. நீதான் எடுத்தேன்னு என் பையனை அந்தத் திட்டு திட்டினேனே!"

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மீண்டும் வாசித்தார். இந்த முறை கிர்ர்ர் இல்லை. ஆழமான, சுத்தமான ஒரே குரல் தேவாலயத்தை நிறைத்தது. ஜன்னல் கண்ணாடிகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது.

மாமா சிட்டுவின் முன்னால் குனிந்து, ஆர்கனைக் காட்டினார். நீ வாசி!

பெரிய குழாயை, கீழே உள்ள மிதிகட்டையைக் காலால் மிதித்துத்தான் பாட வைக்க வேண்டும். இருக்கையில் உட்கார்ந்தால் சிட்டுவுக்குக் கால் எட்டவில்லை. அதனால் என்ன? கீழே இறங்கி, மிதிகட்டையின் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றாள்.

இருநூறு வயதுக் குரல் அவள் பாதத்தில் புறப்பட்டு உச்சந்தலை வரை போனது. கையில் ரோமம் சிலிர்த்தது.

'போதும், இறங்கு,' என்றன அம்மாவின் கைகள்.

சிட்டு கண்களை இறுக மூடிக்கொண்டாள். கண்ணை மூடிவிட்டால், அவளோடு யாராலும் வாதாட முடியாதே!