பீரோவில் பூட்டிய சட்னி

ஐந்து நாளாகக் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாத ஜவேர்பென்னுக்கு, அன்று காலை மூக்கு மட்டும் இரண்டு ஆள் வேலை பார்த்தது. ஜபமாலையும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ரசீலா... கொத்தமல்லி வாசனை வருதே?"

மருமகளின் கை அம்மியிலேயே நின்றுவிட்டது. பர்யூஷண் நோன்பின் எட்டு நாளும் அந்தத் தெருவில் ஒரு ஜைன வீட்டிலும் பச்சை இலை நுழையாது. பாவ்நகரின் காய்கறி வண்டிக்காரன்கூட அந்த வாரம் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான்.

"அது தனியா, அத்தை. காஞ்ச தனியா."

"காஞ்சது இப்படிப் பச்சையா இருக்குமா? பட்டினி கிடந்தா கண்ணு அவிஞ்சிடும்னு நினைச்சியா?"

"தோலோட பாசிப்பருப்பை லேசா வறுத்து, தனியா, சீரகம், மாங்காப்பொடி சேர்த்துக் கடலை எண்ணெயில அரைச்சேன். மாமாவுக்குப் பச்சை சட்னிக்குப் பதிலா..."

"பதிலா! சங்கல்பம் எடுத்துட்டு ரெண்டாம் நாளே வாயைத் திறந்தவதானே நீ! உன்னை எப்படி நம்பறது?"

ரசீலா தலையைக் குனிந்துகொண்டாள். பதினோரு வருடமாகத் தள்ளிப்போட்ட எட்டு நாள் உபவாசம்... இந்த வருடம்தான் துணிந்து தொடங்கினாள். அதுவும் ஒன்றரை நாளில் முடிந்தது. காரணத்தைச் சொன்னால் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனார்மேல் பழி போட்டது போலாகிவிடும். உபவாசம் முடித்தவர்களைப் போலப் பேசாமல் இருப்பவர்களுக்கும் ஊர்வலம் உண்டென்றால், இந்நேரம் அவளை அழைத்துப்போயிருப்பார்கள்!

ஜவேர்பென் கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"இது சாட்சி. கடைசி நாள், சம்வத்சரி அன்னிக்கு என் மகன் முன்னால திறப்பேன். நல்லாக் கேட்டுக்கோ... விரதம் முடிக்கிற என் பாரணைக்கு உன் கை வேண்டாம். ராஜ்கோட்டுலேருந்து என் பொண்ணு வந்து முதல் வாய் குடுப்பா!"

கிண்ணம் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், பீரோவில் சிறைப்பட்டது. ரசீலா அம்மிமேல் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விழுந்தால் மாமனாரின் சட்னிக்கு உப்பு கூடிவிடும்.

அடுத்த மூன்று நாளும் அந்த வீடு போலீஸ் ஸ்டேஷன்தான். அரிசி டிரம்முக்குள் ஒரு கை, கட்டிலுக்கடியில் ஒரு பார்வை, குப்பைக்கூடையில் ஒரு மோப்பம். ஒரு கொத்தமல்லிக் காம்புகூட அகப்படவில்லை. அகப்படாததே ஜவேர்பென்னின் சந்தேகத்துக்குத் தீனியாயிற்று. "சாமர்த்தியக்காரி... தடயமே விடலையே!"

சம்வத்சரி வந்தது. எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள். ஜவேர்பென் பக்கத்து வீட்டில், பால்காரனிடம், வாசலில் நின்ற பசுவிடம்கூடக் கைகூப்பி "மிச்சாமி துக்கடம்" சொல்லிவிட்டு வந்தாள். மருமகளை மட்டும் தாண்டிப் போனாள்.

"கிரீட்! வாடா. உன் பொண்டாட்டி லட்சணத்தைப் பாரு!"

பீரோ திறந்தது. மகன் கிண்ணத்தைப் பார்த்தான். ஜவேர்பென்னும் பார்த்தாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவணிப் புழுக்கத்தில், பூட்டிய பீரோவில் மூன்று நாள் கிடந்த கொத்தமல்லி கறுத்து, நாறி, பட்டுப்புடவைக்கே கருமாதி செய்திருக்கும். இது அரைத்த அன்று இருந்தபடியே இருந்தது.

"அப்போ... இது நிஜமாவே பருப்புதானா?" குரல் இறங்கியது. "சரி, அப்புறம் ஏன்டி உபவாசத்தை விட்ட?"

கட்டிலிலிருந்து, பக்கவாதத்தில் பாதி நாக்கு இழுத்துக்கொண்ட மாமனார் போகிலால் திக்கித் திக்கிச் சொன்னார்.

"எனக்கு... பச்சை இல்லாம... இறங்கல. தயிர் வெச்சா... துப்பினேன். புளி வெச்சா... துப்பினேன். ருசி பாக்காம... எப்படி அரைப்பா? ருசி பாத்தா... உபவாசம்... போச்சு."

ஜவேர்பென் கிண்ணத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினோரு வருஷம் காத்திருந்தியேடி... ஒரு சொட்டு சட்னிக்காக விட்டியா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பாவி!"

"சொன்னா, உங்க உபவாசம் பாதியில நின்னுடும்னு பயந்தேன் அத்தை. நீங்களே ருசி பாக்க வந்திருப்பீங்க..."

"வந்திருப்பேனா?" ஜவேர்பென் தன்னையே சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டாள். கிண்ணம் மடியில் இறங்க, அவள் கைகள் தானாகக் குவிந்தன. "மிச்சாமி துக்கடம்மா..."

"ஐயோ, நீங்க போய் என்னை...!" ரசீலா ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுததில், கிண்ணம் கவிழாமல் கிரீட்தான் காப்பாற்றினான்.

மறுநாள் காலை ராஜ்கோட்டிலிருந்து மகள் வந்து இறங்கினாள், கையில் பனி சொட்டும் கொத்தமல்லிக் கட்டோடு.

"விரதம் முடிஞ்சுது இல்லம்மா! பச்சை சட்னி அரைக்கட்டுமா?"

"அதை ஓரமா வெய்டி." ஜவேர்பென் மருமகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். "நீ குடு, ரசீலா. பாசிப்பருப்புத் தண்ணி மேல அந்தச் சட்னியும் ஒரு துளி வெய்யி... நாலு நாளா அந்த வாசனை என்னைத் தூங்கவிடலடி!"