ஆளில்லாத சுக்கான்

போதகர் லின்னியா ரூட் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே வந்தார். பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறக்கூட மறந்திருந்தார்.

"ஷெரிஃப், ஓஸ்டால் கோயில்ல ஜன்னல உடைச்சு, பீடத்துப் படத்த அறுத்துட்டுப் போயிட்டாங்க!"

அன்ஸ்கர் லோம்ஹைம் பதவியை விட்டுப் பல வருடமாகியும் வட டக்கோட்டாவின் அந்த மூலையில் அவர் இன்னும் ஷெரிஃப்தான். கையிலிருந்த சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். எதிரே ஆடிக்கொண்டிருந்த மார்லிஸ் க்வாலே அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த பிடிப்பு இரண்டே: ஓஸ்டால் கோயிலில் ஆர்கன் வாசிப்பது, ஷெரிஃப் துப்புத் துலக்கப் போனால் கூடவே ஓடுவது.

"முதல்ல யாரு பார்த்தது?" என்றார் அன்ஸ்கர்.

"பக்கத்து வயல்காரர் டுவைட் ஓயன். உள்ள பீர் டப்பா கிடக்குதாம். குடிகாரப் பசங்க வேலைங்கறார். அடுத்த வாரம் மியூசியத்துக்காரங்க வராங்களே! படம் இல்லேன்னா கோயிலே வேண்டாம்னுடுவாங்க."

நோர்வேயிலிருந்து வந்த முதல் குடும்பங்கள் மரம் வாங்கித் தாங்களே அறைந்து எழுப்பிய கோயில் அது. இப்போது சபையில் மிஞ்சியவர்கள் இரண்டு பெஞ்சில் அடங்குவார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய வீடுகளைக் கொண்டுவந்து ஊர்போல அடுக்கியிருக்கும் மியூசியம் ஒன்று, கோயிலை அப்படியே பெயர்த்து லாரியில் ஏற்றிப்போய் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றது. ஒரே நிபந்தனை, உள்ளே எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். முக்கியமாக, குடியேறிய விவசாயி ஒருவன் துணியில் வரைந்த பீடத்துப் படம். சபை கை தூக்கிச் சம்மதித்தது. கல்லறைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோயிலுக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. படத்தின் அகலமான மரச்சட்டம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் திருகாணிகள் பெஞ்சில் ஒரு குவியலாகக் கிடந்தன. துணியைத் தாங்கியிருந்த பலகையில், ஆணியை ஒட்டி மெல்லிய நாடாபோல ஓரம் மட்டும் மிச்சம்.

"நல்ல பொறுப்பான குடிகாரனுங்க. சட்டத்தத் திருகிக் கழட்டி, கீறல் படாம சாய்ச்சு வச்சிருக்கானுங்க" என்றார் அன்ஸ்கர்.

மிஞ்சிய ஓரத்தில் ஒரு நுனியைப் பிடித்து லேசாக மடக்கினார். பழைய எண்ணெய்ச் சாயம் பிஸ்கெட் போல நொறுங்கிப் பீடத்து வெள்ளை விரிப்பில் சிதறியது.

"மார்லிஸ், நான் தொடறதுக்கு முன்னாடி இந்த விரிப்புல பொடி ஏதாவது கிடந்துச்சா?"

"இல்லையே. சுத்தமா இருந்துச்சு."

"வெட்டின விளிம்பும் வழுவழுன்னு இருக்கு. இந்தக் குளிர்ல வெட்டியிருந்தா சாயம் உதிராம இருக்காது. கதகதப்பா இருந்தப்போ வெட்டியிருக்காங்க. கோயில் கடைசியா எப்ப சூடா இருந்துச்சு?"

"கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு. அன்னிக்கே எரிவாயுத் தொட்டி காலி. ஈஸ்டருக்கு நிரப்பிக்கலாம்னு விட்டுட்டோம். அதுக்கப்புறம் யாரும் உள்ள வரல." மார்லிஸின் குரல் தாழ்ந்தது. "அப்போ ஜன்னலும் பீர் டப்பாவும்?"

"அப்புறம் சேர்த்த ஜோடனை. ஆராதனை முடிஞ்ச சூடு ஆறுறதுக்குள்ள சாவி போட்டு வந்தவங்கதான் எடுத்தது. சாவி யார் யார்கிட்ட?"

"போதகரம்மா, டுவைட், எங்க அண்ணன்." மார்லிஸின் அண்ணன் சீவெர்ட் பிரெக்ஹுஸ்தான் கோயில் காவலாள். புல் வெட்டுவதும் மணி அடிப்பதும் அவர் வேலை. ஒரே மகள் யோருன் படுத்திருப்பதும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். "டுவைட்டுதான், ஷெரிஃப்! கோயில் மூடிட்டா, தானமாக் கொடுத்த இந்த நிலம் அவன் குடும்பத்துக்குத் திரும்பிடும்."

"லாரில ஏத்திட்டுப் போனாலும் திரும்பிடும். சும்மா இருந்தாலே கிடைக்கறதுக்கு அவன் ஏன் திருடணும்? கோயில் இங்கிருந்து போனா யாருக்கு நஷ்டம், அதச் சொல்லு."

"யாருக்கும் இல்லையே" என்றாள் மார்லிஸ்.

அன்ஸ்கர் சட்டத்தைத் தூக்கிப் பலகைமேல் பொருத்திப் பார்த்தார். சட்டத்தின் மரம் படத்தின் ஓரத்தை ஒரு கை அகலம் மறைத்தது.

மறுநாள் பகலில் சாவி வைத்திருந்த மூவரையும் மார்லிஸின் சமையலறைக்கு வரச் சொன்னார். மேஜையில் காபியும், வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டியும் இருந்தன. சீவெர்ட் ரொட்டியைத் தொடவில்லை.

"போலீசுக்கு அடையாளம் கொடுக்கணும். படத்துல என்ன இருந்துச்சுன்னு ஆளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் அன்ஸ்கர்.

"கடல் மேல இயேசு நடந்து வரார். பேதுருவ நோக்கி நீட்டின அந்தக் கை... பிரசங்கத்துக்கு நிக்கறப்பல்லாம் என் முதுகுல படற மாதிரி இருக்கும்" என்றார் போதகர்.

டுவைட் சிரித்தான். "எனக்கு அந்தப் படகுதான். படகத் திருப்புற சுக்கான் கம்பு மட்டும் நீட்டிட்டு இருக்கும், பிடிக்க ஆளு கிடையாது. 'நம்ம சபை மாதிரியே, ஓட்ட ஆளில்லாத படகுடா'ன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"நீங்க, சீவெர்ட்?"

சீவெர்ட் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார். "அலை வந்து அடிக்குது. எல்லாவனும் இயேசுவப் பார்த்து அலறுறான். அந்தச் சுக்கான் பிடிச்ச கிழவன் மட்டும் விடல. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நம்மளையே பார்க்கறான்."

"ஊஃப் டா, அடக் கடவுளே! என்ன அண்ணே, வயசாயிடுச்சா?" என்று சிரித்தாள் மார்லிஸ். "சுக்கான்ல ஏது ஆளு? டுவைட் இப்பத்தானே சொன்னான்?"

சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றது. சட்டத்தின் மரம் மறைத்த ஒரு கை அகலம் நினைவுக்கு வந்தது. அந்த வாக்கியத்தை அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள வழியில்லை.

அன்ஸ்கர் மெதுவாகச் சொன்னார். "சட்டத்த மாட்டினவங்க காலத்துக்கப்புறம் அந்தக் கிழவன யாரும் பார்த்ததில்ல. கழட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும், சீவெர்ட்."

சீவெர்ட் மறுக்கவில்லை. போதகரைத்தான் பார்த்தார்.

"கை தூக்கினீங்களே எல்லாரும், தோட்டத்துல படுத்திருக்கறவங்களக் கேட்டீங்களா? அந்த மியூசியத்துல சோளப்பொரி விப்பான். முன்ன பின்ன தெரியாதவன் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவான். என் யோருனுக்கு மணி அடிச்ச கோயில் அது. தாய லாரில ஏத்திட்டு, பிள்ளைங்களக் காட்டுல விட்டுட்டுப் போற மாதிரி இல்ல இது?"

"காப்பாத்தத்தானே பார்த்தோம், சீவெர்ட்!" என்றார் போதகர்.

"நானும் அதுக்குத்தான் எடுத்தேன். படம் இல்லேன்னா கோயில் இங்கயே இருக்கும்."

"என்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றாள் மார்லிஸ்.

"நீதான முதல்ல கை தூக்குன?"

படம் அவருடைய டிராக்டர் கொட்டகையில், ஒரு வடிகால் குழாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று இதமாகச் சுருண்ட துணி, அதன்பின் வந்த உறைபனியில் தகரம்போல விறைத்திருந்தது. "இப்பப் பிரிக்காத, சீவெர்ட், சூடு ஏறட்டும்" என்று அன்ஸ்கர் கத்துவதற்குள் சீவெர்ட் அதைப் பெஞ்சின்மேல் விரித்துவிட்டார். பத்திரமாக இருக்கிறது என்று காட்டும் அவசரம் அவருக்கு. சடசடவென்று ஒரு சத்தம். கடலும் படகும் நீட்டிய கையும் மீன் செதில்போல உதிர்ந்து கொட்டகைத் தரையில் விழுந்தன. சீவெர்ட் முழங்காலிட்டு அந்தச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். யாரும் தடுக்கவில்லை. யாரும் கூடக் குனியவும் இல்லை.

வழக்கு போட வேண்டாமென்று சபை முடிவு செய்தது. மியூசியம் வேறோர் ஊரின் கோயிலை வாங்கிக்கொண்டது. ஈஸ்டருக்குப் பிறகு ஓஸ்டாலின் கதவில் பூட்டுப் போட்டார்கள். மிஞ்சியவர்கள் டவுன் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே ஆளுக்கொரு பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். சீவெர்ட் போகவில்லை.

"அன்னிக்கு சுக்கானப் பத்தி நீ கேட்ட கேள்விய நான் கேக்கறதாத்தான் இருந்தேன், மார்லிஸ்" என்றார் அன்ஸ்கர் ஒருநாள், சீட்டைக் கலைத்தபடி.

"ஆனா நான்தான் கேட்டேன்" என்றாள் அவள். அதன்பின் அவள் துப்புத் துலக்க எங்கும் போகவில்லை.

அடுத்த குளிர்காலத்துப் பனியில் கோயில் கூரையின் ஒரு பக்கம் உள்ளே இறங்கியது. கோடையில், புருஷனின் நினைவு நாளுக்கு மார்லிஸ் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். சீவெர்ட் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் சுத்தமாக வெட்டியிருந்தார், அவள் புருஷன் கல்லைச் சுற்றியும்தான். காரைப் பார்த்ததும் எந்திரத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் பூவை வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அண்ணன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடந்து காரில் ஏறினாள்.

மண் சாலையில் அவள் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அவர் நின்றிருந்தார். பிறகு குனிந்து, எந்திரத்தின் கயிற்றை இழுத்தார்.