சாய்ந்துகொள்ள ஒரு சுவர்

படுக்கையறைச் சுவரில் ஓரிடம் ஈரமாக இருந்தது. மழை பெய்து வாரக்கணக்காகிவிட்டது. அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் போகவில்லை. அது டெலாலிக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அக்ரா நகரின் அந்தக் குடியிருப்பை வரைந்த கட்டடக்கலைஞரே அவள்தான். தொட்டால் வழவழவென்றிருந்தது. முகர்ந்தாள். புதுமழை மண்வாசனை, அதற்கு அடியில் கழுவாமல் கிடந்த இறைச்சிச் சட்டியின் வாடை. ஏழாம் மாதத்தில் எல்லாமே நாறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்துவிட்டாள்.

அக்ராவில் காசு உள்ளவன் வீடு கட்டினால் முதலில் எழுப்புவது கண்ணாடிச் சில்லு பதித்த மதிலைத்தான்; பக்கத்து வீட்டில் ஒருவன் செத்தால்கூட நாற்றம் வந்துதான் தெரியும். டெலாலி மதிலே வேண்டாமென்றாள். நடுவில் முற்றம், அதைச் சுற்றி வளைந்தோடும் மண்சுவர், சனங்கள் சாய்ந்து ஊர்க்கதை பேச அதில் இடுப்பளவில் குழிவு. வாசலுக்குப் போகும் வழியையும் வேண்டுமென்றே குறுக்கினாள், உரசிக்கொண்டு நடந்தால்தான் மனிதர்களுக்குள் பேச்சு வரும் என்று. மண்ணும் வெளியிலிருந்து வரவில்லை. அந்த மனை முன்பு மாடு அறுக்கும் களம். அதைத் தோண்டி, அதே மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கினாள். தலைமுறைகளாக ரத்தமும் கொழுப்பும் குடித்த மண், சிமென்ட் இல்லாமலே கல்லாகப் பிடித்துக்கொண்டது. இடத்தின் நினைவு சுவரிலேயே இருக்கிறது என்று விற்பனைக்காரர்கள் சொல்ல, வாங்க வந்தவர்கள் உருகிப்போனார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

மாலையில் முற்றத்துக்கு இறங்கினாள். வேலை விட்டு வந்தவர்கள் வீட்டுக்குள்கூடப் போகாமல் சுவரில் சாய்ந்திருந்தார்கள். கீழ்வீட்டுக் கோர்கோர் ஆன்ட்டி, துணிக்கடைக்காரி, ரவிக்கையை மேலே சுருட்டி வெறும் முதுகை மண்ணில் ஒட்டியிருந்தாள்.

"வாம்மா, வந்து சாயி. இதுகிட்ட ஏசியெல்லாம் பிச்சை வாங்கணும்."

"ஆன்ட்டி, செவுத்துல ஏதோ நாத்தம் வரல?"

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு மூக்கு சும்மா கெடக்குமா? மூத்தவ வயித்துல இருந்தப்ப எனக்கு எம் புருஷனே நாறினான்! சந்தையில அந்த வெள்ளக் களிமண் உருண்ட விக்கிறாளுங்கல்ல, வாங்கிக் கடி. சரியாயிரும்."

சிரித்தபடி ஆன்ட்டி முன்னால் சாய்ந்தாள். பிசின் பட்டையை உரித்ததுபோல் ஒரு சத்தம். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே பழுப்பு எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. தோல் செக்கச்செவேலென்று, புண்ணாக, பளபளத்தது. அந்தப் புண்ணைச் சொறிந்துவிட்டு, சுகமாக முனகி, திரும்பவும் சாய்ந்துகொண்டாள்.

டெலாலி மாடியேறி வாந்தியெடுத்தாள். தக்கோராடித் துறைமுகத்தில் வேலையிலிருந்த கணவன் செலோமைக் கைப்பேசியில் அழைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"ஏற்கெனவே மூணு கலைஞ்சு போச்சு டெலா. இப்பவே கெளம்பி அம்மா வீட்டுக்குப் போ."

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க கட்டடத்தப் பாக்க வர்றாங்க. என் பேரு சொல்ற ஒரே வேலை இது, செலோம்."

"பேரு வேணுமா, புள்ள வேணுமா?"

நாளை சாயங்காலம் போகிறேன் என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

அப்போது மின்சாரம் போனது. புழுக்கம். கால்கள் தாமாகவே படுக்கையறைச் சுவரிடம் போயின, கைகள் இரவுடையைத் தூக்கின, வயிறு குளிர்ந்த மண்ணில் போய் ஒட்டியது. மின்சாரம் போகும் ஒவ்வொரு மாலையும் இதைத்தானே செய்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. உதறி விலகினாள். அதே பிசின் சத்தம்.

கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். நேராக எழுப்பிய சுவரில் ஒரு குழிவு. வயிற்றளவு. வட்டமாக. உள்ளே மணற்பருக்கள் மாட்டு நாக்கின் முள்போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. எல்லாம் நனைந்திருந்தன.

குனிந்தாள். தொப்புளைச் சுற்றித் தோல் தேய்ந்து, முடியில்லாமல், மெல்லிசாகிவிட்டிருந்தது. நீல நரம்புகள். அவற்றின் அடியில் ஒரு குதிகால் நகர்ந்தது தெரிந்தது.

பேரும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள்.

முற்றம் இருட்டாக இருந்தது. எல்லாரும் அங்கேதான். யாரும் பேசவில்லை. சளக், சளக் என்று மாடு உப்புக்கட்டியை நக்கும் ஓசை மட்டும், சுவர் வளைந்த பக்கமெல்லாம். வாசலுக்கு ஒரே வழி. அவள் குறுக்கிய வழி.

"எங்கம்மா ஓடுற?" கோர்கோர் ஆன்ட்டியின் குரல் தூக்கக் கலக்கத்தில் குழைந்தது. "எடம் இருக்கு."

டெலாலி இரு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள். முதுகில் ஒரு சுவர். முன்னால் ஒரு சுவர். மூச்சை உள்ளே இழுத்தாள். வயிறு உள்ளே போகவில்லை.

குழந்தை உதைத்தது. சுவர்ப்பக்கமாக. மறுபடி உதைத்தது. பொத்தியிருந்த விரல்கள் விலகின.

ஈரம். வெதுவெதுப்பு. முள் முள்ளாக ஒரு நாக்கு கீழிருந்து மேலே மெதுவாக வழித்தது.

வயிற்றுக்கு உள்ளேயிருந்து இன்னொரு நாக்கு, மிகச் சின்னது, அதே இடத்தை நக்கத் தொடங்கியிருந்தது.