ஈரப் பெட்டி

பாம்பு கழற்றிப் போட்ட சட்டையில் ஒரு காது இருந்தது.

நாகேஸ்வரி முதலில் அதை அழுக்கு என்றுதான் நினைத்தாள். மார்கழி மாதத்துச் சோகை பிடித்த வெளிச்சம் பார்க்டேல் அப்பார்ட்மென்டின் மூன்றாம் மாடி யன்னலுக்குள் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருக்க, வெங்காயச் சருகைவிட மெல்லிய அந்தத் தோலை அவள் இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்தாள். செதில் செதிலாய்க் கண்ணாடிபோல் இருந்த அதன் நடுவில், சாம்பல் மையில், ஒரு காது மடலும் அதற்குக் கீழே தாடை இறங்கும் கோடும் பதிந்திருந்தன. பாம்புக்குக் காது இல்லை.

"பேப்பர் மை" என்றார் சிவபாதம். வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஈரத்திலை ஒட்டியிருக்கும்."

அது நியாயமான பதில். பாம்பின் கண்ணாடித் தொட்டியில் விரித்திருந்தது ஊர்ப் பேப்பர்தான். ஐந்து வீடுகளில் வாசித்து மடிப்புக் கிழிந்த பிறகு அவர்களிடம் வந்து சேர்ந்தது. ஆனால் பிற்பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கடைசியில் பாம்பை மூடிய வாளிக்குள் விட்டுவிட்டு, தொட்டியிலிருந்து ஈரத்தாள்களை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தாள். நெல் விலை இருந்தது. சீமெந்து விளம்பரம் இருந்தது. எந்தத் தாளிலும் படம் இருக்கவில்லை.

பாம்பு அல்பேட்டுடையது. அவர்களுடைய இரண்டாவது அறையில் வாடகைக்கு இருந்தவன், வன்கூவர் பக்கம் ஒரு மர ஆலையில் வேலை கிடைத்துப் போகும்போது தொட்டியோடு விட்டுவிட்டுப் போனான். நஞ்சில்லாத, செம்மஞ்சள் நிறமான, கைத்தடி நீளப் பாம்பு.

"பேரிலையே நாகம் இருக்குதக்கா. உங்களிட்டைத் தராமல் ஆரிட்டைக் குடுக்கிறது?"

"உனக்குப் பகிடி. ஆர் உதை இருந்து பாக்கிறது?"

"நீங்கள் பாக்காட்டிலும் பரவாயில்லை. அது உங்களைப் பாக்கும்."

சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொல்லித் தந்தான். சீடர் மரத்தூள் போடக்கூடாது. வாசம் நன்றாக இருக்கும், ஆனால் பாம்பின் நெஞ்சுக்கு ஆகாது. பேப்பர்தான் திறம். கண் பால் படிந்ததுபோல் மங்கினால் சட்டை கழற்றப் போகிறது என்று அர்த்தம். அப்போது இந்தப் பெட்டிக்குள் ஈரத்துணி வைக்க வேண்டும். அது ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டி. மூடியில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருந்தான். "இஞ்சத்தைய ரேடியேட்டர் சூட்டிலை தோல் காஞ்சு ஒட்டிப்போகுமக்கா. ஈரம் இருந்தால் தானாய்க் கழரும். ஆனால் ஒருநாளும் இழுத்து உரிக்காதேங்கோ. அதுக்கு நேரம் வரோணும்."

அவளுக்குப் பாம்பு மீது பயம் இருக்கவில்லை. அவளுடைய பயமெல்லாம் வேறோர் இடத்தில் குடியிருந்தது.

எண்பத்தைந்து ஆவணியில் அவளுடைய தம்பி இரத்தினவேல் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டான். இறக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு பார்த்தவர்கள் இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிவபாதம் இப்போது, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்துவிடுவோம் என்கிறார்.

"அவன் அந்தரிச்சுக்கொண்டு திரியக்கூடாது ஈசு. நாங்கள்தானே செய்யோணும். வேறை ஆர் இருக்கினம்?"

"ஆர் சொன்னது அவன் இல்லையெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான்."

எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் அவன் செத்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். அறிவுக்கு ஒவ்வாத நினைப்பு என்று தெரியும். ஆனால் எங்கோ ஓர் இருட்டறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவன், இந்தக் குளிர் நகரத்தில் அவள் விரலிடுக்கால் நீர் வழியும் அந்த நொடியில் மெல்லத் தலை சாய்ப்பதை அவளால் பார்க்க முடிந்தது. இறைக்காமல் விட்டால்? இல்லாதவன் வாசல் தெரியாமல் அலைவதையும் அதே அளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது. இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். அவள் கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த முறை பேப்பர் விரிக்கவில்லை. சமையலறையில் கை துடைக்கும் வெள்ளைத்தாளை, ஓர் எழுத்தும் ஒரு பூவும் இல்லாததைத் தேடி வாங்கி, நான்கு மடிப்பாக விரித்தாள். அந்த வெள்ளையின் மேல் பாம்பு துணியில் இழுத்த தையல்போல் கிடந்தது. அதன் கண் மீண்டும் மங்கியது. இவ்வளவு விரைவாக மங்கக்கூடாது என்று நினைத்தாள். பெட்டிக்குள் ஈரத்துணி வைத்தாள். ரேடியேட்டர் பல்லிடுக்கால் மூச்சுவிடுவதுபோல் சீறியது, கீழே குயின் தெருவில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்தைக் கீறிக்கொண்டு திரும்பியது, அவற்றுக்கிடையில் பெட்டிக்குள்ளிருந்து, பட்டுச்சேலையை யாரோ இருட்டில் கவனமாக மடிப்பதுபோன்ற ஓசை வந்துகொண்டேயிருந்தது.

காலையில் சட்டை வெளியே கிடந்தது. அதில் ஒரு மூக்கு. மேலுதடு. மூடிய ஒரு கண்.

அவள் அதைச் சிவபாதத்திடம் நீட்டினாள். அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்டுமில்லை" என்றார். கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். அன்று மாலையே கோயில் ஐயருக்குப் போன் எடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தியேட்டியை ஒழுங்கு செய்தார்.

மூடிய கண். நித்திரையில் இருப்பவனும் கண்ணை மூடுவான். அவள் அந்தத் தோலைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். அதில் ஈரத்தாளின் வாசனை இல்லை. பஸ்ஸுக்காக வெயிலில் நின்ற ஒருவனின் சட்டைக் கழுத்துபோல் மணத்தது.

சனிக்கிழமை நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. சிவபாதம் ரெஸ்ரோரன்ட் வேலைக்குப் போயிருந்தார். நாளைக்கான எள்ளும் தர்ப்பையும் மேசைமேல் ஒரு பையில் இருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டியின் மேல் எரிந்த சின்ன பல்ப்பைத் தவிர வீட்டில் வேறு வெளிச்சம் இல்லை. பாம்பு மத்தியானமே பெட்டிக்குள் போய்விட்டது. அதன் கண் அன்று நீலம் கலந்த பாலாக, முழுதாக மங்கியிருந்தது.

ஓசை தொடங்கியது. நின்றது. தொடங்கியது.

துளையின் விளிம்பில் தோலின் நுனி தெரிந்தது. வெள்ளையாக, ஈரமாக, ஒரு நாக்கின் அளவு. அங்கேயே நின்றுவிட்டது. சூட்டில் காய்ந்து ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரைத் துளையின் ஓரமாக வார்த்தாள். காத்திருந்தாள். இழுக்கக்கூடாது என்று அல்பேட் சொன்னது ஞாபகம் இருந்தது. நாளை விடியும் என்பதும் ஞாபகம் இருந்தது. விடிந்தால் கையில் எள் இருக்கும்.

இரண்டு விரல்களால் நுனியைப் பிடித்தாள்.

இழுத்தாள்.

இலகுவாக வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட இலகுவாக, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, காலுறை கழல்வதுபோல். ஒரு சாண் வந்ததும் வெளிச்சத்தில் தூக்கினாள். நெற்றி. புருவம். கண்.

கண் திறந்திருந்தது.

இருக்கிறான். தம்பி இருக்கிறான். இன்னும் இழுத்தாள். கழுத்து வந்தது, தோள் வந்தது, எலும்பு எண்ணக்கூடிய ஒரு மார்பு வந்தது. மடியில் விழுந்து குவிந்தது. முழங்கை நீளம். அதற்கும் மேல். அழுதுகொண்டே இழுத்தாள், கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல், இந்தக் கையால், பிறகு அந்தக் கையால்.

மடி நிறைந்தபோதுதான் யோசித்தாள்.

பாம்பு இவ்வளவு நீளமில்லை.

தலையைத் திருப்பினாள். தொட்டியின் மறுமூலையில், பெட்டிக்கு வெளியே, வெள்ளைத்தாளின் மேல் பாம்பு சுருண்டு கிடந்தது. சட்டை கழற்றி முடித்திருந்தது. புதுநிறம் மினுங்கியது. அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையில் இருந்த தோல் இன்னும் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

பெட்டி கைப்பிடி அளவு உயரம். அடியில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே மேசை.

இழுப்பதை நிறுத்தினாள். தோல் நிற்கவில்லை. அகலமாகிக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. செதில் இல்லை. சின்னச் சின்ன மயிர்கள், ஈரத்தில் படிந்து.

விட நினைத்தாள். விரல்கள் விரியவில்லை.

உள்ளேயிருந்து ஓர் இழுப்பு. மெதுவாக. யார் என்று கேட்பதுபோல்.

"வேல்?" என்றாள்.

மூடி அசைந்தது. துளைக்குள் இருட்டு. இருட்டின் விளிம்பில் ஐந்து நுனிகள் வந்து பற்றிக்கொண்டன, காற்றில்லாத கையுறைபோல் தட்டையாக, நகம் இருந்த இடங்களில் வெறும் தடம் மட்டும் தெரிய.

பிறகு, பெருவிரலிலிருந்து, ஒவ்வொன்றாக, அவை நிரம்பத் தொடங்கின.